மூன்று தையல் கூடுதல்

மொனஸ்தீர்ச் சந்தையில் பழந்துணிக் குவியலைக் கிளறி எடுத்துவந்த நீலக் கோட்டு மோங்கியாவின் மடியில் கிடக்கிறது. பெருநாளுக்குள் இது மகள் துர்ராவுக்குப் பாவாடையாக வேண்டும். சன்னல் வெயிலில் பிளேடு மினுங்குகிறது. மற்ற தையலெல்லாம் பிரிந்துவிட்டது. கோட்டுப் பையின் மூலை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. "எவ இப்படி இறுக்கித் தச்சா, நாசமாப்போறவ!" மூலையைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். அங்கே மூன்று தையல் கூடுதலாக இருக்கிறது. நூலை வீணாக்குகிறாள் என்று மோங்கியா துணி தைக்கும் ஏற்றுமதி ஆலையில் மேற்பார்வையாளர் தினமும் அவளைத் திட்டுவது இந்த மூன்று தையலுக்காகத்தான். கடல் தாண்டிப் போன கோட்டு, எவளோ உடுத்தித் தேய்த்த முழங்கையோடு திரும்பியிருக்கிறது. "யாரை உம்மா திட்டறே?" என்கிறாள் துர்ரா. மோங்கியா பிளேடை மறுபடி மூலையில் செருகுகிறாள். "ஒருத்தி இருக்கா. ஊரான் பிள்ளைக்கெல்லாம் புதுசு தைப்பா. பெத்த பொண்ணுக்கு எடுக்க வக்கில்லாதவ."