உம்மணாமூஞ்சி

புகார்ப் பெட்டியில் இந்த மாதம் முப்பத்தோரு சீட்டுகள். அதில் முக்கால்வாசி ஸ்கேன் ரூம் அம்மாவைப் பற்றி.

நிர்வாக அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். மெஷினை யாரும் குறை சொல்லவில்லை. மணிக்கணக்கில் காத்திருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். பொறுக்க முடியாதது அந்த அம்மாவின் முகம்தான். எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்று ஒருவர். என்ன தெரிகிறது என்று கேட்டால், ‘டாக்டர் சொல்லுவார்’ என்று திரையைப் பார்த்துப் பதில் சொல்கிறார் என்று இன்னொருவர். ஒரு சீட்டில் ஒரே ஒரு சொல்: ‘உம்மணாமூஞ்சி.’ கையெழுத்து அழகாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதிகாரிக்குப் பட்டப்பெயர் ‘சர்க்குலர்’. குழாய் ஒழுகினாலும் சர்க்குலர், லிஃப்ட் நின்றாலும் சர்க்குலர். அன்று மதியமே ஒன்று தயாரானது: ‘பணியாளர்கள் நோயாளிகளிடம் புன்னகையுடன் நடந்துகொள்ள வேண்டும். குறிப்பாக ஸ்கேன் அறையில்.’

அந்த அம்மாவைக் கூப்பிட்டு அதை நீட்டினார். பதினோரு வருஷமாக ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் உண்டு. வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் புதுப்பிக்கிற படிவத்தை மேஜை மேல், கண்ணில் படும்படி போட்டு வைத்திருந்தார்.

“சார், அந்த ரூம்ல சிரிக்கிறதுல ஒரு சிக்கல்...”

“சிரிக்கிறதுக்கு என்னம்மா சிக்கல்? காசா பணமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைப் பார்ப்பேன்.”

அந்த அம்மா சர்க்குலரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளாக அதிகாரிக்கு வலது விலாவுக்குக் கீழே சுருக் சுருக்கென்று குத்திக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அந்த ‘எதற்கும்’ அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலும் கையுமாக, கால் மேல் கால் போட்டு அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் தாண்டி நேரே உள்ளே போனார். சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். ஜெல் சில்லென்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால், ஸ்கேன் அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. பதினோரு வருஷமாக ஆகாதது ஒரே தாளில் ஆகிவிட்டது.

“மூச்சை இழுங்க சார்... பிடிங்க... விடுங்க.”

கருவி வயிற்றின் மேல் ஊர்ந்தது. விலாவுக்குக் கீழே வந்ததும் நின்றது. கொஞ்சம் நகர்ந்தது, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. டக்கென்று ஒரு பொத்தானை அழுத்தும் சத்தம். அதிகாரி அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

சிரிப்பைக் காணோம்.

அவருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதுவும் திரையில் தெரிகிறதோ என்னவோ.

“ஏம்மா... சிரிப்பை ஏன் நிறுத்திட்டே?”

“ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லன்னா சிரிக்க வேண்டியதுதானே?”

அந்த அம்மா மறுபடி சிரித்தார். இது முன்னதைவிட மோசமாக இருந்தது. சாவு வீட்டில் எதிரே வருகிற தெரிந்தவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்போமே, அந்த மாதிரி.

“எதுவா இருந்தாலும் சொல்லிடும்மா. நான் தாங்கிப்பேன்.” தாங்குகிற ஆளின் குரலாக அது இல்லை.

“டாக்டர் சொல்லுவார் சார்.”

ரிப்போர்ட் வர அரை மணி நேரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்தார். பெண்டாட்டிக்குப் போன் போட்டு, எதற்கென்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத மனிதர் கேட்டதில் அவள் பதறிப்போய் வண்டி பிடித்துக் கிளம்பிவிட்டாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார். கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு, ஊரில் பாதிப் பேருக்கு இருப்பதுதான். வலி வெறும் வாய்வு.

உயிர் திரும்பியதும் கோபமும் திரும்பியது. அதிகாரி விறுவிறுவென்று ஸ்கேன் ரூமுக்குள் நுழைந்தார்.

“வாய்வுக்கா அப்படி மூஞ்சியை வெச்சே? அரை மணி நேரம் செத்துப் பிழைச்சேன், தெரியுமா?”

“கன்னம் வலிச்சுது சார். காலையிலேருந்து நீங்க இருபத்து மூணாவது ஆள்.”

அந்த அம்மா கருவியில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே பேசினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தவர்தானாம். எல்லாருக்கும் அது பிடித்தும் இருந்ததாம்.

“ஒரு நாள் ஒரு அம்மாவோட ஸ்கேனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரல சார். நான் ஒரு வார்த்தை சொல்லல. அவங்க எழுந்து துணியைச் சரிபண்ணிக்கிட்டு, ரிப்போர்ட்கூட வாங்காம வீட்டுக்குப் போயிட்டாங்க. வைத்தியத்துக்கும் வரல. வந்திருந்தா பிழைச்சிருப்பாங்க. அதுலேருந்து நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மூஞ்சிதான்.”

அதிகாரி தன் அறைக்குப் போனார். ஒப்பந்தப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ‘சிறப்புத் தகுதி’ என்று அதில் ஒரு கட்டம் உண்டு. யாருக்கும் அதை அவர் நிரப்பியதே இல்லை.

பேனாவைத் திறந்து எழுதினார்: ‘சிரிக்க மாட்டார்.’