ஏழு கத்தி, ஒரு காரணம்

ஓடி வந்த ஆளை நிறுத்தியபோது, அவர் தோளில் தொங்கிய கான்வாஸ் சுருளிலிருந்து ஒரு கத்தியின் பிடி எட்டிப் பார்த்தது.

"இது என்னங்க?" என்றாள் பெண் காவலர்.

"கத்திதான் மேடம். நான் சமையல்காரன்." மூச்சு வாங்கியது அவருக்கு.

ரோந்து வண்டியின் முன்பக்கத்தில் சுருளை விரித்தாள். மொத்தம் ஏழு. எலும்பு வெட்டுவது, மீன் சீவுவது, பழத்தோல் உரிப்பது என்று பெரிசும் சிறிசுமாக, தலைவாரிப் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் போலப் பளிச்சென்று இருந்தன.

ஸ்டியரிங்கில் இருந்த டிரைவர் கழுத்தை நீட்டினார். "ஏம்மா, ஊருக்கே சமைச்சுப் போடுவாரு போலிருக்கே!"

சட்டம் அவளுக்கு மனப்பாடம். பொது இடத்தில் கத்தி வைத்திருக்கக் கூடாது. தொழிலுக்காகக் கொண்டுபோனால் தப்பில்லை. ஆனால் என்ன வேலை, எங்கே என்று கேட்டால் சொல்ல வேண்டும். விசாரித்துவிட்டு அனுப்பிவிடலாம்.

"இப்ப வேலைக்கா போறீங்க?"

"வேலை கேட்டுப் போறேன் மேடம். பதினோரு மணிக்கு நான் சமைச்சுக் காட்டணும். லேட்டானா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. சும்மா இருந்து மாசக்கணக்காச்சு. வீட்டுக்காரி இப்பல்லாம் என்னைத் திட்டுறதைக்கூட நிறுத்திட்டா. அதான் பயமா இருக்கு."

பொய் சொல்கிற முகமில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"சரி, எங்கன்னு சொல்லுங்க. ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு உங்களை விட்டுடறேன்."

அவர் வாயைத் திறந்தார். நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தார். ரோந்து வண்டியைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"அதை மட்டும் கேட்காதீங்க மேடம்."

"ஏன்? ஓட்டலா? ஆஸ்பத்திரியா? இல்ல, யார் வீட்டு விசேஷமாவது இருக்கா?"

கசப்பு மருந்தைக் கண்ட குழந்தை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"இடத்தைச் சொல்லலைன்னா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும். உங்க வேலை கைநழுவிப் போயிடும். புரியுதா?"

"என்ன செய்யறது மேடம்? சட்டம்னா சட்டம்தானே."

இத்தனை வருட சர்வீஸில், பிடிபட்ட பிறகு சட்டத்துக்குப் பரிந்து பேசிய ஒருவரை அவள் பார்த்ததில்லை.

சுருளைக் கட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்கதவை அவரே திறந்து ஏறினார். யாரும் சொல்லாமலே பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

வண்டி நகர்ந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "அண்ணே, கடைத்தெரு வழியா வேண்டாம். இந்நேரம் அசையாது."

"பார்றா! மாட்டின ஆளு நமக்கு வழி சொல்றாரு," என்றார் டிரைவர். ஆனாலும் கடைத்தெருவைத் தவிர்த்தே திருப்பினார்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. சமையல்காரர் சீட்டின் நுனிக்கு வந்தார். "சைரன் ஏதும் போட மாட்டீங்களா?"

அவள் திரும்பி முறைத்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ரசிக்க ஆரம்பித்தார்.

பச்சை விழுந்தது. வண்டி மேம்பாலத்தில் ஏறியது. அவளால் பொறுக்க முடியவில்லை. ஒரு மனுஷன் இத்தனை மாதம் கழித்துக் கிடைத்த வாய்ப்பைக் கண்ணெதிரே தொலைக்கிறார். தானே அதற்குக் காரணமாகிறோம்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலைங்க," என்றாள் தணிந்த குரலில். "இடத்தைச் சொல்லுங்க. நானே போய் இறக்கி விடறேன்."

அவர் இரு கைகளையும் கூப்பினார்.

"உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு மேடம். நீங்க நேரா ஸ்டேஷனுக்கே போங்க."

"சரியான ஆளுதான்," என்று முணுமுணுத்தபடி டிரைவர் ஸ்டேஷன் கேட்டுக்குள் திருப்பி, கட்டடத்தைச் சுற்றிப் பின்முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அங்கே, ஸ்டேஷன் கேன்டீனை நடத்துகிறவர் சமையலறை வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய சமையல்காரர் வேலையை விட்டு நின்ற நாளிலிருந்து காவலர்கள் அத்தனை பேரும் இவரைப் பார்த்துக் கேட்கும் ஒரே கேள்வி, புது ஆள் எப்போது என்பதுதான்.

ரோந்து வண்டியின் பின்கதவு திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க! அடுப்பு பத்த வச்சாச்சு. இன்னைக்கு பஸ்ஸே ஓடலையே, எங்க வந்து சேரப் போறீங்கன்னு நெனச்சேன்."

சமையல்காரர் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். முன்ஜன்னல் பக்கம் வந்து, சுருளை வாங்கிக்கொள்ள மரியாதையாக இரண்டு கைகளையும் நீட்டினார்.

"வழியில இவங்க வண்டி கெடைச்சுது சார்."