பொறியின் கணிப்பு

கொண்டைக்கடலை வயலில் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று நின்றது. பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சிகளைத் தன் பையில் பிடித்து, புழு வரும் காலத்தை முன்கூட்டியே அறிவிப்பது அதன் உத்தியோகம்.

"அண்ணே, என் காயைப் புழு தின்கிறது! விவசாயிக்குச் சொல்லுங்கள்," என்று அலறியது ஒரு செடி.

"என் பையில் பூச்சியே விழவில்லை. ஆகவே வயலில் புழு இருக்க நியாயமில்லை."

"அப்படியானால் என்னைத் தின்பது யார்?"

"மனப்பிராந்தி," என்றது பொறி.

காய்க்குள் தலையை நுழைத்து, பச்சையோடு பச்சையாகத் தொங்கிய புழுவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தலையை வெளியே எடுத்து, "ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" என்றது.

பறவைகளுக்காக நட்டிருந்த குச்சியில் தூங்கிக்கொண்டிருந்த கரிச்சான் கண்விழித்தது. குரல் வந்த இடத்துக்குப் பறந்து புழுவை ஒரே கொத்தாகக் கொத்திச் சென்றது.

பொறி குனிந்து செடியைக் கிளை கிளையாகச் சோதித்தது.

"எங்கே புழு? நான்தான் அப்போதே சொன்னேனே!"