தீவின் ஓட்டுப்பெட்டி

“நம்ம தீவு மானமே போச்சு மச்சான்!”

நனைந்த மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் நுழைந்தான் கோல்மன், நோரீனின் தம்பி. அக்கரையில் விவாகரத்துச் சட்டத்துக்கான ஓட்டு எண்ணியதைப் பார்த்துவிட்டு இப்போதுதான் படகில் வந்து இறங்கியிருந்தான்.

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நோரீனின் கத்தி விரலைப் பதம் பார்த்தது.

“நாடு முழுக்க ‘வேணும்’னவங்க மயிரிழையில ஜெயிச்சுட்டாங்க. இனிமே அயர்லாந்துல எவனும் விவாகரத்து வாங்கலாம். அது தொலையட்டும். நம்ம பெட்டியிலயே ‘வேணும்’னு ஓட்டு விழுந்திருக்கு!”

“என்னது!” மேசையில் ஓங்கி அறைந்தான் நோரீனின் கணவன் ஃபெஸ்டி. தீவில் இருந்த கம்பம் ஒன்று விடாமல் ‘விவாகரத்து வேண்டாம்’ அட்டை கட்டியவன் அவன். “எந்தப் பாவி அவன்? பூசையில என் பக்கத்துலயே நின்னு கும்பிட்டுட்டு இந்த வேலை பண்ணியிருக்கானே! கையில கிடைச்சா கடல்ல முக்கி எடுத்துடுவேன்.”

அந்தப் பாவி நான்தான் என்று நோரீன் எந்த வாயால் சொல்வாள்?

பதினாலு வருஷமாக இந்த மனுஷன் அவளோடு பேசியதெல்லாம் ‘மாட்டைக் கட்டினியா’, ‘டீ ஆறிப்போச்சு’, அவ்வளவுதான். அக்கரைத் தபாலாபீஸ் ஓவன் பெண்டாட்டியை இழந்தவன். ‘சட்டம் வரட்டும் நோரீன், முறைப்படி கட்டிக்கலாம்’ என்று ஆறு வருஷமாகக் காத்திருக்கிறான். ஆனால் இப்போதே விஷயம் கசிந்தால் பாதிரியாரில் தொடங்கித் தீவே காறித் துப்பும். மொத்தமே முப்பத்து நாலு ஓட்டு. கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

“மறைவாப் போட்ட ஓட்டு உனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள்.

“என்னக்கா புதுசாக் கேக்கிற? ஒவ்வொரு ஊர்ப் பெட்டியும் தனித்தனியாத்தானே கவுக்கறாங்க. சீட்டைப் பிரிக்கிறப்ப தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு எட்டிப் பார்த்துக் கணக்கு வைக்கிறதுதானே என் வேலை?”

“பள்ளிக்கூட வாத்தியார்தான்! டப்ளின்காரன், வேற எப்படிப் போடுவான்?” என்றான் ஃபெஸ்டி அவசரமாக. “ஒத்தை ஓட்டு. விட்டுத் தள்ளு மாப்ள.”

நோரீனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. பழி வாத்தியாரோடு போகட்டும், அவர் எப்படியும் அடுத்த மாசம் ஊர் மாறுகிறார்.

“வாத்தியாருக்கு ஓட்டு டப்ளின்ல மச்சான். அப்புறம், ஒத்தைன்னு யார் சொன்னா? ரெண்டு! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“ரெண்டா?” ஃபெஸ்டி நாற்காலி சாயத் துள்ளி எழுந்தான். “உளறாதே! நான் போட்டது ஒண்ணுதானே!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நோரீனுக்கு ஓவனும் மறந்துபோனான், அவன் தபாலாபீஸும் மறந்துபோயிற்று. பாய்ந்து போய்க் கணவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள்.

“அடப்பாவி மனுஷா! யாரு அவ?”