ஹாலிஸுக்குப் பக்கத்து இடம்

"அந்த மதுக்கடை அத்தியாயத்தை மட்டும் எடுத்துடுங்க, சிஸ்டர். விஷயம் இதோட முடிஞ்சுடும்."

"எடுக்க மாட்டேன், பாஸ்டர்," என்றாள் ஓலெட்டா. எழுபத்து நான்கு வயதிலும் குரல் கணீரென்று இருந்தது.

போதகர் பர்செல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சனிக்கிழமை மதியத்துச் சபைக் கூட்டம் என்றால் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசிவிட்டு, ஆப்பிள் கேக் தின்றுவிட்டுக் கலைகிற கூட்டம். இன்று வேடிக்கை பார்க்கவென்றே பெஞ்சுகள் நிரம்பியிருந்தன.

கென்டக்கி மலையடிவாரத்தில் இருந்த அந்த மாவட்டத்தில் மது விற்கத் தடை. ஒரு பீர் வேண்டுமென்றாலும் எல்லை தாண்டித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் முதன்முதலாகக் குடியேறிய குடும்பங்களைப் பற்றியும் அவர்கள் கட்டிய வீடுகளைப் பற்றியும் ஓலெட்டா பல வருடங்களாக ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். பழைய வீடுகளின் பரணில் ஏறினாள், புகைபோக்கிக்குள் தலையை விட்டாள், கோர்ட்டுக் கிடங்கில் தூசி தின்றாள். அதுவரை எல்லோரும் அவளை மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் குடும்பங்களில் பாதிப்பேர் மதுக்கடை வைத்துத்தான் தலையெடுத்தார்கள் என்று பெயரோடு எழுதியதும் ஊர் கொதித்துப்போனது.

போதகர் சுற்றி வளைத்துப் பேசினார். முன்னோர்களின் மானம் என்றார். குழந்தைகள் படிக்கிற புத்தகம் என்றார். இந்த ஆலயத்துக்கு அடுத்த மனையிலேயே ஏசா டிரம்போ என்பவன் மதுக்கடை வைத்திருந்தான் என்று அச்சில் வந்தால் அக்கம்பக்கத்துச் சபைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்காதா என்று கேட்டார். தன் முப்பாட்டனார் பெயரும் அதில் இருப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஓலெட்டாவே சொன்னாள்.

"உங்க முப்பாட்டனார் கடையில அளவு குறைச்சதே இல்ல, பாஸ்டர். அதையும் எழுதியிருக்கேன்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஜெனீவா அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, பிடிவாதம் வேண்டாம். சபையிலிருந்து உங்க பேரை அடிச்சுட்டா அண்ணன் பக்கத்துல புதைக்க இடம் கிடைக்காது."

ஓலெட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆலயத்தை ஒட்டிய மேட்டில் சபையாருக்கு மட்டும்தான் கல்லறை. அவள் கணவர் ஹாலிஸ் அங்கே சிடார் மரத்தடியில் கிடந்தார். கல்லில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் வெட்டி, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். பாவம், ஹாலிஸை உயிரோடிருந்தவரை சபை சேர்த்துக்கொள்ளவே இல்லை. அடுத்த மாவட்டத்து விஸ்கி ஆலையில் வேலை பார்த்த மனுஷனுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிகிறவரை வெளியே லாரியில் உட்கார்ந்திருப்பார். அவரோடு மீன்பிடிக்கப் போகிற பழைய போதகர்தான், மனைவி சபையில் இருக்கிறாளே என்று சாக்குச் சொல்லி அந்த இடத்தைக் கொடுத்தார்.

"எனக்கு வேற எந்த ஆசையும் இல்ல, ஜெனீவா. உங்க அண்ணன் பக்கத்துல படுக்கணும், அவ்வளவுதான்," என்றாள் ஓலெட்டா. "அதுக்காகப் பொய் எழுத முடியாது."

போதகர் பெருமூச்சு விட்டார். சபைக் காரியங்களில் அவருக்கு உதவுகிற மூத்த டீக்கன் எழுந்து, சகோதரி ஓலெட்டா ஸ்டிடமின் பெயரைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று தரையைப் பார்த்தபடியே முன்மொழிந்தார். வழிமொழிய யாராவது உண்டா என்று போதகர் கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகக் கோழி சூப்போடு வந்து நின்றவள் அவள். வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே செத்துவிடும். போதகர் முகத்தில்கூட நிம்மதி தெரிய ஆரம்பித்தது.

"நான் வழிமொழியறேன்," என்றாள் ஓலெட்டா.

இப்படி வழக்கமில்லை என்று டீக்கன் முனகினார். கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லையே என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேறு வழியில்லாமல் போதகர் வாக்கெடுப்புக்கு விட்டார். கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி உயர்ந்தன. ஓலெட்டாவின் கையும் உயர்ந்தது. ஜெனீவா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தீர்மானம் நிறைவேறியது. போதகருக்கே மனம் கேட்கவில்லை. "கல்லறை விஷயத்துல இனிமே என் கையில ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்குங்க," என்றார்.

"உங்க கையில என்னைக்குமே இல்ல, பாஸ்டர்," என்று ஓலெட்டா எழுந்தாள். "அந்த மேடு ஏசா டிரம்போ கொடுத்தது. மதுக்கடைக்காரன் பொண்டாட்டின்னு அவன் மனைவியைப் புதைக்க அந்தக் காலத்துச் சபை இடம் தரல. அந்தக் கோபத்துல, சபை சேர்த்துக்காதவங்களுக்கும் சபை தள்ளி வெச்சவங்களுக்கும் மட்டும்தான் இந்த இடம்னு பதிஞ்சு வெச்சுட்டுப் போயிட்டான். கோர்ட்டுக் கிடங்குல அந்தப் பத்திரத்தைப் பார்த்தேன், இன்னைக்கும் அது செல்லும்னு வக்கீல் சொல்லிட்டார்."

அவள் தொப்பியைத் தலையில் வைத்து, ஜெனீவாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஹாலிஸுக்கு அங்க உரிமை இருந்தது, எனக்குத்தான் இல்லாம இருந்தது. இப்ப நீங்க எல்லாரும் சேர்ந்து கொடுத்துட்டீங்க. உங்களையெல்லாம் எங்க புதைக்கறதுன்னு உட்கார்ந்து பேசுங்க, நான் வரேன்."