ஒரே பெட்டி, ஒரே விலை

“எங்க வாய் என்ன குப்பைத்தொட்டியா? எவன்யா நீ? எந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு இந்தப் பெட்டியை ரொப்புறே?”

மீன் துண்டை மாவில் புரட்டி விற்கும் ஃபிஷ் ஃபிங்கர் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினாள் மர்கீதா. பிராட்டிஸ்லாவா சந்தையே திரும்பிப் பார்த்தது.

“ஒரே பெட்டி. ஒரே படம். ஒரே விலை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவில வாங்கினா உள்ளே மீனு. இந்தப் பக்கம் எங்க ஸ்லோவாக்கியாவில வாங்கினா உள்ளே மாவு! ஐரோப்பான்னா எல்லாரும் சமம்னீங்களே, எங்க நாக்கு மட்டும் மட்டமா?”

“மெதுவா, மர்கீதா! எல்லைக்கு அந்தப் பக்கம் வியன்னாவில ஜன்னலைச் சாத்துறாங்க” என்றான் பக்கத்துக் கடை வெண்டெலின், பீப்பாயிலிருந்து புளித்த முட்டைக்கோஸை அள்ளிக்கொண்டே.

“சாத்தட்டும். தின்ன மீன் இருக்கிறவன் சாத்திக்குவான்!”

மர்கீதா ஆப்பிள் வியாபாரி. பாதிப் படிப்பில் சந்தைக்கு வந்தவள். கத்தியும் பேரம் பேசியும் சொந்தமாகக் கடை போட்டவள். எல்லை தாண்டிப் போய் ஒரு பெட்டி வாங்குவாள், உள்ளூரில் ஒரு பெட்டி வாங்குவாள். சனிக்கிழமைதோறும் இரண்டையும் கடை வாசலிலேயே பொரித்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ருசி பார்க்கக் கொடுப்பாள். பைத்தியம் என்றார்கள்.

இன்று அந்தப் பைத்தியத்தைத் தேடி, பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பியப் பாராளுமன்றத்திலிருந்தே ஒரு அம்மாள் வந்திருந்தாள். செக் நாட்டுக்காரி; இரண்டு பாஷையும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பேச்சு புரிந்தது. இரண்டு தட்டிலிருந்தும் மாறி மாறி எடுத்து, கண்ணை மூடி மென்றாள்.

ஆயுசு பூராவும் ஆபீஸ் வாசல்களில் கால் கடுக்க நின்றவள் மர்கீதா. இன்று பாராளுமன்றம் அவள் வாணலி முன்னால் நிற்கிறது! இத்தனை நாடு சேர்ந்த ஒரு சபை, ஒரு ஆப்பிள்காரியின் நாக்கு சொல்வதைக் கேட்க ஆள் அனுப்புமா என்ன?

“நீங்க சொல்றது உண்மைதான்” என்றாள் அந்த அம்மாள். “எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி சட்டம் கேட்கப்போறோம். ஆனா நீங்க கடைக்காரி. வியாபாரப் போட்டின்னு சொல்லித் தள்ளிடுவாங்க. காசு கொடுத்து வாங்குறவங்க யாராவது கேமரா முன்னாடி பேசணும். இல்லேன்னா நான் வெறுங்கையோடதான் ரயில் ஏறணும்.”

அவள் பையிலிருந்து எடுத்த கேமராவைப் பார்த்ததும் கூட்டம் கரைய ஆரம்பித்தது.

“எனக்கு மீனே ஆகாதுங்க” என்று ஒருவர் நழுவினார்.

“யோவ்! இப்பதானே நாலு துண்டு முழுங்கினே!” என்று சீறினாள் மர்கீதா. அவர் நிற்கவில்லை.

இவ்வளவு கத்தியும் வீண்தானா?

“நான் பேசட்டுமா, அத்தை?”

டோய்னா. கார் தொழிற்சாலையில் வேலை செய்யும் ருமேனியப் பெண். வாராவாரம் மர்கீதாவிடம் ஆப்பிள் வாங்குகிறவள். ஊர்ப் பேச்சு இன்னும் சரியாகப் படியவில்லை.

“நீயா? நீ ருமேனியாக்காரியாச்சே. எங்க சண்டையில உனக்கென்னடி?”

“அவங்களும் ஐரோப்பாதானேம்மா. இங்கே உங்களுக்கு இருக்கிற அதே உரிமை அவங்களுக்கும் உண்டு” என்றாள் பாராளுமன்றத்து அம்மாள். “நீங்க பேசுங்கம்மா. ஒரே விலை கொடுத்தும் மட்டமானது கிடைச்சா எப்படி இருக்கும்?”

டோய்னா இரண்டு தட்டையும் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

“எந்த ஊர்க்காரின்னு தெரிஞ்சதுமே, இவளுக்கு இது போதும்னு யாரோ முடிவு பண்ணிடறாங்க. மேல பார்த்தா பளபளன்னுதான் இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சாத்தான் தெரியும். திரும்பி வந்து கேட்கக் கூச்சமா இருக்கும். அடுத்த வாரமும் அங்கேதானே வாங்கணும்? ஏமாந்ததுகூட வலிக்கல. நம்மளைப் பத்தி அவங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுடுதே... அதுதான் வலிக்குது.”

வெண்டெலினின் கரண்டி பீப்பாய்க்கு மேலேயே நின்றது. நழுவிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். பாராளுமன்றத்து அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“இதை ஒரு வார்த்தை வெட்டாம சபையில போட்டுக் காட்டுறேன்” என்று டோய்னாவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

மர்கீதா மலைத்துப்போய் நின்றாள். இத்தனை வருஷம் கத்தியும் தன் வாயில் வராத பேச்சு! அதுவும் அரைகுறை பாஷையில்!

“அடி என் கண்ணே! இரு, உனக்கு ஆப்பிள் போட்டுத் தர்றேன்” என்று பையை உதறிக்கொண்டு குனிந்தாள். “என் மனசுக்குள்ள புகுந்து பார்த்த மாதிரி பேசிட்டியேடி! நீயும் அந்தப் பெட்டியை வாங்கி ரொம்ப ஏமாந்துட்டியா?”

“நான் ஃபிஷ் ஃபிங்கர் வாங்கினதே இல்ல, அத்தை” என்றாள் டோய்னா. “சாப்பாடெல்லாம் தொழிற்சாலையிலேயே. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் வெளியில வாங்குறது உங்ககிட்ட ஆப்பிள் மட்டும்தான்.”

பழக்கதோஷத்தில் பலகைக்கு அடியில் இருந்த பின்கூடைக்குள் போயிருந்த மர்கீதாவின் கை, அடிபட்ட ஆப்பிள் ஒன்றின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

டோய்னா குரலை உயர்த்தவில்லை. முன்னால் மினுமினுவென்று அடுக்கியிருந்த வரிசையைக் காட்டினாள்.

“சட்டம் வர்றப்ப வரட்டும், அத்தை. நீங்க இன்னைக்கே இதுலேர்ந்து போடுங்க. எனக்கு மட்டும் இல்ல, எங்க ஊர்க்காரங்க யார் வந்தாலும்!”