எட்டாத ஏரி

"பாருங்க சார், கண்ணுக்கு முன்னால ஏரி. யானையைச் சங்கிலியில கட்டிப்போட்டு, வாளியில தண்ணி ஊத்துறான்!"

ஹிரண்மயி டீச்சருக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அவள் எழுதிப்போட்ட புகாரை விசாரிக்க இன்றுதான் ரேஞ்சரும் கால்நடை டாக்டரும் யானை முகாமுக்கு வந்திருந்தார்கள்.

"தாடைக்குக் கீழே வீக்கத்தைப் பாருங்க. அடிச்சிருக்கான்!"

பாகன் திம்பேஸ்வர், தாமோல் என்கிற பாக்கை மென்றபடி சும்மா நின்றான். யானை ரூபஹி கால் மாற்றிக் கால் மாற்றி ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"இது அடி இல்லம்மா. ஈரல்ல தட்டைப்புழு. யானைக்குன்னே இருக்கிற ஜாதி. எங்களுக்கே இதைப்பத்தி அதிகம் தெரியாது. ஏரி நத்தையிலேர்ந்து வந்து, கரையோரக் கீரையில ஒட்டிக்கும்னு நினைக்கிறோம். ஏரிப் பக்கமே விடாதேன்னு நான்தான் இவன்கிட்ட சொன்னேன்."

ஹிரண்மயியின் முகம் செத்துப்போயிற்று.

"பிஹு பண்டிகைக்கு முன்னாலேயே மருந்து கொடுத்தேன். சுத்தமா இருந்த லத்தியில இப்ப மறுபடி புழு முட்டை. யாரோ ஏரிக்கீரை போட்டிருக்காங்க."

ரேஞ்சர் பாகன் பக்கம் திரும்பினார். "யாருடா அது? சொல்லு. இல்லேன்னா உன்னைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவேன்."

அந்த நேரம் பார்த்துத் துதிக்கை நீண்டு ஹிரண்மயியின் தோள்பையைத் துழாவியது.

பிஹு லீவு முடிந்த நாளிலிருந்து, பள்ளிக்கூடம் போகிற வழியில், பாகன் இல்லாத வேளையாகப் பார்த்து அவள் ஏரிக்கரையில் பறித்துப் போடும் வள்ளைக்கீரை இன்றும் பைக்குள் இருந்தது.

திம்பேஸ்வர் கவனித்துவிட்டான். சட்டென்று குறுக்கே வந்து நின்றான்.

"நான்தான் சார் போட்டேன். ஏரியைப் பார்த்துப் பார்த்து ஏங்குச்சு. மனசு கேக்கல."

"முட்டாள்! நாளைக்கே மூட்டையைக் கட்டு!"

"இல்ல சார்..." ஹிரண்மயி பையைக் கவிழ்த்தாள். ஈரக்கீரை பொத்தென்று விழுந்தது. "நான்தான். தினமும் நான்தான்."

அவள் விறுவிறுவென்று பாதையைப் பார்த்து நடந்தாள். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

பின்னால் ஓடிவந்தான் திம்பேஸ்வர்.

"எங்க ஓடுறீங்க டீச்சர்? இப்படிப் போயிடுவீங்கன்னு பயந்துதானே பழியை நான் ஏத்துக்கிட்டேன்!"

டாக்டர் கொடுத்த மாத்திரையை உள்ளே வைத்த வாழைப்பழத்தை அவளிடம் நீட்டினான்.

"போன தடவை மருந்து கொடுக்க நாலு பேர் சேர்ந்து அது வாயைப் பொளந்தோம். அப்பவும் பாதியைத் துப்பிடுச்சு. உங்க கையால கொடுங்க. நம்பித் திங்கும்."